பெயருக்குள் எந்த எழுத்து வரலாம்?

ஒரு மென்பொருளின் அமைவுக் கோப்பைத் திறந்து, அதில ஒரு மாறிக்குப் பெயர் வைச்சுப் பாருங்கோ. ஆங்கில எழுத்து வரலாம், அடிக்கோடு வரலாம், இலக்கமும் வரலாம். ஆனால் முதலாவதாக இல்லை. யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில சூழல் மாறிகளுக்கு இண்டைக்கும் இதுதான் பாதுகாப்பான விதி. இலக்கத்தில தொடங்கக்கூடாது எண்டதுக்கு நியாயம் இருக்கு: வாறது எண்ணா பெயரா எண்டு முதல் எழுத்திலேயே தெரிஞ்சிடும். 'அ' ஏன் வரக்கூடாது? அதுக்கு அப்படி ஒரு நியாயமும் இல்லை. 1963இல் அமெரிக்காவில வகுத்த ஆஸ்கி அட்டவணையில 128 இடங்கள்தான். தமிழுக்கு அதில இடமில்லை. சிங்களத்துக்கும்தான்.

எங்கட நாட்டுக்கு இந்தக் கேள்வி புதுசில்லை. வாகன இலக்கத் தகடும் ஒரு அடையாளப் பெயர்தானே. 1957இல் அதில இருந்த ஆங்கில எழுத்துகளை எடுத்துப்போட்டு, சிங்கள 'ஸ்ரீ'யை அரசு கொண்டுவந்தது. 1958இல் அந்தத் தகடுகளோட பஸ்கள் வடக்குக்குப் போக, தமிழரசுக் கட்சிக்காரர் எழுத்தில தார் பூசினார்கள். பதிலுக்குக் கொழும்பில தமிழ்ப் பெயர்ப்பலகைகளில தார் ஏறிச்சு. மே மாதம் கலவரம். ஒரு எழுத்தாலதான் எல்லாம் வந்தது எண்டு நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் எழுத்து சின்ன விசயம் எண்டு இந்த ஊரில ஆரும் சொல்லேலாது.

கணினிக்குள் கதவு மெல்லத்தான் திறந்தது. ஜாவாவும், 2008இல் வந்த பைதன் 3உம் மாறிப் பெயரில தமிழை ஏற்கும். ஆனால் "எழுத்து மட்டும் வரலாம்" எண்டு ஒருவர் அவசரத்தில விதி எழுதினால், 'வெள்ளவத்தை' முதல் எழுத்திலேயே உடையும். யுனிகோட்டில கொம்பும் புள்ளியும் எழுத்தில்லை, குறிகள். குறிகளை விலக்கினால் தமிழில 'பல', 'நகர' மாதிரி ஒரு கைப்பிடிச் சொற்கள்தான் மிஞ்சும். பைதன் குறிகளை ஏற்குது. தமிழ் இலக்கம் ௧ஐயும், முதலிடம் தவிர, ஏற்குது. ஆனால் பத்தைக் குறிக்கிற ௰ஐ ஏற்காது!

தயங்கிறவர்களிட்டயும் ஒரு நியாயம் இருக்கு. 'கொட்டாஞ்சேனை'யின் 'கொ'வில வாற உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம், கொம்பும் அரவுமாக இரண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒண்டுதான், கணினிக்கு இரண்டு பெயர். பைதன் இரண்டையும் ஒண்டாக்கிக்கொள்ளும். சாதாரண அமைவுக் கோப்பு வாசிப்பான்களிட்ட அதை எதிர்பார்க்கேலாது. அதுக்காகத் தமிழை மறிக்கத் தேவையில்லை, வாசிக்கேக்க ஒண்டாக்கினால் போதும்.

2010இல் .இலங்கை எண்ட ஆள்களப் பெயர் .ලංකා எண்ட சிங்களப் பெயரோட சேர்ந்தே வந்தது. தகட்டில நடக்காதது அங்க நடந்தது. எண்டாலும் நாங்கள் தமிழில தட்டுற விலாசம், உள்ளே 'எக்ஸ்என்' எண்டு தொடங்கிற ஆங்கில எழுத்துச் சரமாக மாறித்தான் போகுது.