கிஸர் ஹயாத்தின் நான்கு நாள் தடை

1947ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் திகதி பஞ்சாப் மாகாண அரசு இரு தொண்டர் படைகளைத் தடை செய்தது. ஒன்று முஸ்லிம் லீக்கின் தேசிய காவற்படை. மற்றையது ராஷ்டிரிய சுயம்சேவக சங்கம். (மாகாண அரசின் தலைவரையும் அக்காலத்தில் பிரதமர் என்றே அழைத்தனர்.) பிரதமர் மலிக் கிஸர் ஹயாத் கான் திவானா, இரு தரப்பையும் சமமாக நடத்துவதாக எண்ணியிருக்கலாம். தனியார் படைகள் பெருகிய மாகாணத்தில் அது நியாயமற்ற முடிவும் அன்று. ஆயினும் அதைச் செய்வதற்கான வலு அவரிடம் இருக்கவில்லை.

கிஸரின் யூனியனிஸ்ட் கட்சி 1923இல் தோன்றியது. முஸ்லிம் நிலக்கிழார்களும் இந்து ஜாட் விவசாயிகளும் அதில் ஒன்றாயிருந்தனர். சமயத்தைவிட நிலமே அங்கு பெரிதாக இருந்தது. 1937 தேர்தலில், 175 ஆசனங்கள் கொண்ட சட்டசபையில் லீக்குக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. ஆனால் சிக்கந்தர் ஹயாத் கான் 1942இலும் சோட்டு ராம் 1945இலும் மறைந்தனர். 1944இல் ஜின்னாவுடனான உறவு முறிந்தது. யுத்தகாலத் தட்டுப்பாடும் தானியக் கொள்வனவும் கிராமங்களைக் கசக்கின. பீர்கள் பலர் லீக்கின் பக்கம் சாய்ந்தனர். 1946 தேர்தலில் லீக் எழுபதுக்கும் அதிகமான ஆசனங்களுடன் தனிப்பெரும் கட்சியாயிற்று. யூனியனிஸ்டுகளோ இருபதைச் சுற்றியே நின்றனர். காங்கிரஸையும் அகாலிகளையும் சேர்த்துக்கொண்டு கிஸர் ஆட்சி அமைத்தார். கணக்குச் சரி, ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த மாகாணத்தில் அவர்களின் வாக்குகளை அள்ளிய கட்சி வெளியே நின்றது. தனக்கு உரியது பறிக்கப்பட்டதாக லீக் கொதித்தது.

தடை அறிவிக்கப்பட்ட அன்றே லாகூரிலிருந்த காவற்படை அலுவலகத்தைச் சோதனையிடப் பொலிஸார் சென்றனர். மம்தோத் நவாப் இஃப்திகார் ஹுசைன் கான், ஃபிரோஸ் கான் நூன், மும்தாஸ் தௌலதானா, ஷௌகத் ஹயாத் கான் முதலியோர் வழிமறித்துக் கைதாயினர். நகரமே கடையடைத்தது. இரண்டு நாட்களில் தலைவர்கள் விடுவிக்கப்பட்டனர். 28ஆம் திகதி தடையும் நீங்கியது. அடக்குமுறையைத் தொடங்கிவிட்டு நான்காம் நாளே பின்வாங்கிய அரசை எவர் அஞ்சுவர்?

கூட்டங்கள், ஊர்வலங்கள் மீதான தடை மட்டும் எஞ்சியது. லீக் அதனைப் பிடித்துக்கொண்டது. காவற்படையைப் பற்றிய பேச்சு மறைந்து, குடியியல் உரிமை என்ற முழக்கம் எழுந்தது. சிறைகள் நிரம்பின. அதுவரை வீதிக்கு வராத லாகூரின் நடுத்தர வர்க்கத்துப் பெண்கள் புர்காவுடன் ஊர்வலம் போய்க் கண்ணீர்ப்புகையை எதிர்கொண்டனர். ஃபாத்திமா சுக்ரா என்ற சிறுமி செயலகக் கட்டடத்தில் லீக் கொடியை ஏற்றினாள்.

(இலங்கையிலும் அதே 1947இல்தான், பொது வேலைநிறுத்தத்தின் நடுவே, பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. வெளியேறும் ஆட்சியாளர்கள் பூட்டுகளைக் கழற்றாமலே போனார்கள். சாவியை வாங்கியவர்களும் கழற்றவில்லை.)

பெப்ரவரி 20ஆம் திகதி, 1948 ஜூனுக்குள் பிரித்தானியர் வெளியேறுவர் என அட்லீ அறிவித்தார். கிஸருக்கு இருந்த கடைசிப் பிடியும் நழுவியது. 26ஆம் திகதி லீக்குடன் உடன்பாடு கண்டார். மார்ச் 2ஆம் திகதி பதவி விலகினார். நேற்றுவரை அவரைத் தூற்றிய கூட்டம் இன்று அவர் நம் சகோதரர் என்று கோஷமிட்டது. பெரும்பான்மையைக் காட்ட மம்தோத்தால் இயலவில்லை. சீக்கியர் லீக் ஆட்சியை ஏற்க மறுத்தனர். 4ஆம் திகதி லாகூரில் கலவரம் மூண்டது. மறுநாள் ஆளுநர் ஜென்கின்ஸ் நேரடி ஆட்சியைப் பொறுப்பேற்றார். முல்தானும் ராவல்பிண்டிக் கிராமங்களும் எரிந்தன. தோவா கல்சாவில் சீக்கியப் பெண்கள் கிணற்றில் குதித்து மாண்டனர். மாகாணம் பிளவுபடும்வரை அங்கு மந்திரிசபை எதுவும் அமையவில்லை.

கிஸர் 1975இல் கலிபோர்னியாவில் காலமானார். சிறை சென்ற மம்தோத் மேற்குப் பஞ்சாபின் முதலாவது முதலமைச்சரானார். அவருடைய ஆட்சியில், 1948இல், ‘நுகூஷ்’ என்ற உருது இதழ் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஆறு மாதங்களுக்குத் தடை செய்யப்பட்டது. அது செய்த குற்றம், பிரிவினைக் கலவரத்தில் காணாமற்போன ஒரு பெண்ணைப் பற்றி சாதத் ஹசன் மண்டோ எழுதிய ‘கோல் தோ’ என்ற சிறுகதையை வெளியிட்டமையே.