கென்ட் ரிட்ஜில் புவியியல் மேற்படிப்பு

சிங்கப்பூரில் புவியியலில் முதுநிலை, முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புவோர் முதலில் நாடுவது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையை. பல்கலைக்கழகத்தின் கென்ட் ரிட்ஜ் வளாகம், நகரத் திட்ட வரைபடத்தில் குவீன்ஸ்டவுன் வட்டாரத்துக்குள் அடங்குகிறது. நாட்டின் முதல் துணைநகரமான குவீன்ஸ்டவுன், 1953இல் முடிசூடிய இரண்டாம் எலிசபெத் அரசியின் நினைவாகப் பெயர் பெற்றது.

துறை அந்த வளாகத்தைவிட நெடுநாள் மூத்தது. 1928இல் புக்கிட் தீமாவில் ராஃபிள்ஸ் கல்லூரி திறக்கப்பட்டபோதே அங்கே புவியியல் கற்பிக்கப்பட்டது. 1949இல் அக்கல்லூரி மருத்துவக் கல்லூரியுடன் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமானது. அங்கே புவியியல் பேராசிரியராக இருந்த ஈ. எச். ஜி. டாபி 1953இல் வெப்பமண்டலப் புவியியலுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். பெயர் மாறி இன்றும் வரும் அந்த இதழ், ஐரோப்பாவின் பாடநூல்களை ஒப்பித்துவந்த ஒரு பாடத்தை நெல்வயல், ரப்பர்த் தோட்டம், சதுப்புநிலக் காடு ஆகியவற்றின் பக்கம் திருப்பியது. 1980இல், மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழிவந்த சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் நன்யாங் பல்கலைக்கழகமும் இணைந்து இன்றைய தேசியப் பல்கலைக்கழகம் உருவானது.

தமிழ் வாசகர் இத்துறையைக் கவனிக்கத் தனிக் காரணம் உண்டு. இங்கே 1950களில் கற்பித்த பால் வீட்லி 1961இல் வெளியிட்ட ‘த கோல்டன் கெர்சனீஸ்’ என்ற நூல், கி.பி. 1500க்கு முந்தைய மலாய்த் தீபகற்பத்தின் வரலாற்றுப் புவியியலை எழுதியது. சீனப் பயணக் குறிப்புகள், அரபு நூல்கள் ஆகியவற்றோடு, கடாரத்தைப் பேசும் சோழர் கல்வெட்டும் அதில் சான்றாக நின்றது. கல்வெட்டை வைத்து ஊர்களின் இருப்பிடம் தேடுவதும் புவியியலரின் வேலைதான் என்று அந்நூல் காட்டியது.

அதைவிட நெருக்கமானது கெர்னியல் சிங் சந்துவின் பணி. சிங்கப்பூரில் புவியியல் பயின்று, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் முதுகலையும் லண்டனில் முனைவர் பட்டமும் பெற்றவர் அவர். 1969இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட அவருடைய ‘இண்டியன்ஸ் இன் மலாயா’, 1786இல் பினாங்கில் பிரிட்டிஷார் காலூன்றியது முதல் 1957 வரையிலான இந்தியக் குடியேற்றத்தை ஆராய்கிறது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிந்ததும், கங்காணி முறை அதன் இடத்தைப் பிடித்ததும், உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் பயணத்தை 1938இல் இந்திய அரசு தடுத்ததும் வரலாற்று நூல்கள் எல்லாவற்றிலும் உண்டு. சந்து கேட்டவை புவியியலரின் கேள்விகள்: எந்த ஊரிலிருந்து புறப்பட்டார்கள், எந்தத் துறைமுகம் வழியாக வந்தார்கள், எங்கே குடியேறினார்கள், ஏன் அங்கே? மலாயாத் தமிழர் பற்றி எழுதுவோர் இன்றும் தாண்டிச் செல்ல முடியாத நூல் இது. 1972 முதல் 1992இல் மறையும்வரை அவர் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்தின் இயக்குநராக இருந்தார்.

பிற்காலத்தில் துறையின் நாட்டம் நகரத்தின் பக்கம் சென்றது. பிரெண்டா இயோ, காலனியக் கால நகராட்சிக்கும் ஆசியக் குடியிருப்பாளர்களுக்கும் இடையே தெரு, சுகாதாரம், இடுகாடு ஆகியவை குறித்து நடந்த இழுபறியை 1996இல் நூலாக்கினார். புவியியலின் உயர்ந்த விருதுகளில் ஒன்றான வோத்ரன் லூத் பரிசு 2021இல் அவருக்குக் கிடைத்தது. லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் அவ்வட்டாரம் உள்ளூர்வாசிகளுக்கானதா, சுற்றுப்பயணிகளுக்கானதா என்ற போட்டியை டி. சி. சாங் 2000இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். அவ்வட்டாரத்துச் சிராங்கூன் சாலையில் பூக்கட்டும் கடையும் மளிகைக்கடையும் எந்த வாடகையில் தாக்குப்பிடிக்கின்றன என்பது அற்பக் கேள்வி அல்ல. ஒரு சமூகம் நகரின் நடுவே நிலைக்குமா என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

படிப்பு இரு வழிகளில் நடக்கிறது. ஆய்வுவழி முதுநிலைப் பட்டத்துக்கும் முனைவர் பட்டத்துக்கும் ஆய்வேடு எழுத வேண்டும். முன்னதற்கு 30,000 சொற்களும் பின்னதற்கு 80,000 சொற்களும் மேல்வரம்பு. பயன்பாட்டுப் புவியியல் தகவல் முறைமையில் பாடவழி முதுநிலைப் பட்டமும் உண்டு. செயற்கைக்கோள் படம், கணினி வரைபடம் ஆகியவற்றில் கைதேர வேண்டியவர்களுக்கு அதுவே பொருத்தம். ஆய்வுவழி வருவோர் ஆய்வு முன்மொழிவை எழுதி, அத்தலைப்பில் வழிகாட்டக்கூடிய ஆசிரியர் துறையில் இருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். மனிதர்களிடம் நேர்காணல் நடத்துவதென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தேவை. முன்மொழிவில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘சிங்கப்பூரில் இந்தியர்’ என்பது தலைப்பே அல்ல. இடம், காலம், கேள்வி மூன்றும் அதில் வேண்டும்.

அப்படியொரு கேள்விக்கு வளாகத்தின் அக்கம்பக்கமே போதும். காமன்வெல்த் டிரைவில் உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம், மலாயா ரயில்வே ஊழியர்கள் 1932இல் வழிபடத் தொடங்கிய சிறு கோயிலிலிருந்து வளர்ந்தது; 1998இல் இன்றைய கட்டடத்துக்கு வந்தது. சிங்கப்பூருக்குள் ஓடிய அந்த ரயில்பாதை 2011இல் மூடப்பட்டு இன்று பசுமை நடைபாதையாகிவிட்டது. பக்கத்துத் தங்ளின் ஹால்ட்டின் பழைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளைக் காலிசெய்து மறுமேம்பாடு செய்யும் திட்டம் 2014இல் அறிவிக்கப்பட்டது. அந்த ரயில்வே ஊழியர்களும் பாதையும் போன பிறகு ஒரு கோயிலின் அடியார்கள் எங்கெங்கிருந்து வருகிறார்கள்? இதை வரைபடத்தில் காட்டினாலே நல்லதோர் ஆய்வு உருவாகும்.

இத்தகைய ஆய்வில் தமிழறிந்த மாணவருக்குப் பெரும் வாய்ப்பு இருக்கிறது. ஆய்வேடு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பதால் சான்றுகளையும் ஆங்கிலத்திலேயே தேடுவது வழக்கமாகிவிட்டது. 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய இதழ்கள் தேசிய நூலகத்தில் கிடைக்கின்றன. கோயில் குடமுழுக்கு மலர்களும், சங்க ஆண்டுமலர்களும், முதியவர்களின் நினைவுகளும் அரசு ஆவணங்கள் சொல்லாத முகவரிகளையும் வழித்தடங்களையும் தரக்கூடியவை. புவியியல் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் தமிழ் மாணவர்கள் தங்கள் முன்மொழிவிலேயே இந்தச் சான்றுகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும்.