பாஸ்டர் முதல் பக்கத்து வீட்டு நாய்க்குட்டி வரை

நாய்க்குட்டி வாங்கி வந்தவுடன் நாம் முதலில் செய்யும் வேலை பெயர் வைப்பது. மணி, டைகர், ஜிம்மி, டாமி என்று தெருவுக்கு நான்கு பெயர்கள் கேட்கும். அடுத்து கழுத்துக்குப் பட்டை, சோறு வைக்க ஒரு தட்டு, படுக்க ஒரு பழைய சாக்கு. தடுப்பூசி மட்டும் "குட்டி கொஞ்சம் வளரட்டும்" என்று தள்ளிப் போகும். அப்படியே மறந்தும் போகும். ஆனால் அந்த ஒரு ஊசிக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு நம் காரைக்காலுக்குக் கொஞ்சம் நெருக்கமானதும் கூட. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பாடப்புத்தகத்தில் லூயி பாஸ்டர் என்று படித்திருப்போம். இங்கே பிரெஞ்சு படித்த பெரியவர்கள் "பஸ்தேர்" என்பார்கள். வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்டுபிடித்தவர் என்று ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதிவிட்டு நாம் நகர்ந்து விடுகிறோம். ஆனால் அவர் முதலில் நோயிலிருந்து காக்க நினைத்தது மனிதர்களை அல்ல, நாய்களை! 1880களில் அவரும் அவருடைய உதவியாளர் எமில் ரூவும் நோய் கண்ட முயல்களின் தண்டுவடத்தை எடுத்து, கண்ணாடிக் குடுவைகளில் தொங்கவிட்டு உலர்த்தினார்கள். உலர உலர அதன் வீரியம் குறைந்தது. முதலில் நன்றாக உலர்ந்தது, பிறகு கொஞ்சம் குறைவாக உலர்ந்தது என்று படிப்படியாக நாய்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். 1884ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு அமைத்த குழு ஒன்று, ஊசி போட்ட நாய்களை நோய் தாக்கவில்லை என்று உறுதி செய்தது.

அப்படியானால் எல்லா நாய்களுக்கும் ஊசி போட்டு விடலாமே? பாஸ்டரும் அதை யோசித்தார். ஆனால் பிரான்சில் நாய்கள் லட்சக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பல ஊசிகள், ஒவ்வொரு ஊசிக்கும் முயல்கள் என்று கணக்குப் போட்டால் நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. எனவே அவர் கடிபட்ட மனிதர் பக்கம் திரும்பினார்.

அதற்கு இந்த நோயின் ஒரு குணமே வழி விட்டது. கடித்த இடத்திலிருந்து கிருமி ரத்தத்தில் பாய்ந்து போவதில்லை. நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். முகத்திலோ தலையிலோ கடித்தால் இன்னும் சீக்கிரம். அது மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் உடம்பைத் தயார் செய்து விட்டால் பிழைக்கலாம். போய்ச் சேர்ந்து அறிகுறி தெரிந்துவிட்டால், இன்று வரை அநேகமாக யாரும் பிழைப்பதில்லை.

1885 ஜூலை 6ஆம் தேதி அல்சாஸ் பகுதியிலிருந்து ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனை அவன் தாய் பாரிசுக்கு அழைத்து வந்தார். இரண்டு நாட்களுக்கு முன் நாய் அவனைப் பல இடங்களில் கடித்திருந்தது. பாஸ்டர் மருத்துவர் இல்லை என்பதால் கிரான்ஷே என்ற மருத்துவர்தான் ஊசி போட்டார். அடுத்தடுத்த நாட்களில் மொத்தம் 13 ஊசிகள். பையன் பிழைத்தான். செய்தி உலகம் முழுவதும் பரவி, பல நாடுகளிலிருந்தும் கடிபட்டவர்கள் பாரிசுக்கு வரத் தொடங்கினார்கள். மக்கள் கொடுத்த நன்கொடையில் 1888ல் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1739 முதல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. மைஸ்டருக்கு ஊசி போட்ட அதே 1885ல், அரசலாற்றங்கரையில் பறந்ததும் பாரிசில் பறந்ததும் ஒரே கொடிதான். ஆனால் கொடி ஒன்றாக இருந்து என்ன பயன்? இங்கே ஒரு குழந்தையை வெறிநாய் கடித்தால் பாரிசுக்குக் கப்பலில் இரண்டு மூன்று வாரம் போக வேண்டும். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படையினரில் கடிபட்டவர்களை அரசுச் செலவில் பாரிசுக்கு அனுப்பியது உண்டு. வயல் வேலை செய்பவரை யார் அனுப்புவார்கள்? 1891ல் பிரெஞ்சு அரசு ஆசியாவில் முதல் பாஸ்டர் நிலையத்தைத் திறந்தது. எங்கே தெரியுமா? வியட்நாமின் சைகோனில்! புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் அது கடல் கடந்த ஊர்தான்.

நமக்கு உதவியது கடைசியில் ஆங்கிலேயர் பகுதிதான். 1900ல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் இந்தியாவின் முதல் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. 1902ல் லில்லி பாக்கென்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் தென்னிந்தியாவில் உரிய சிகிச்சை கிடைக்காமல் வெறிநாய்க்கடி நோயால் இறந்து போனார். அந்த மரணம் எழுப்பிய பேச்சுதான் தெற்கிலும் ஒரு நிலையம் வரக் காரணமானது. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி பிப்ஸ் கொடுத்த நன்கொடையும் சேர, 1907ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. (அதற்கு முன் இதே நோயால் இறந்த எத்தனையோ தமிழர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

காரைக்காலிலிருந்து குன்னூர் போகும் வழியை வரைபடத்தில் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 1898ல் திறந்த பேரளம் ரயில் பாதையில் கிளம்ப வேண்டும். எல்லையில் பிரெஞ்சு இந்தியாவிலிருந்து பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையச் சுங்கச் சோதனை. பிறகு மாயவரம், தஞ்சாவூர், திருச்சி, ஈரோடு, மேட்டுப்பாளையம். அங்கிருந்து பல்சக்கர மலை ரயில். போனால் போதாது, ஊசி முடியும் வரை அங்கேயே தங்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர் எத்தனை பேரால் இது முடிந்திருக்கும்? சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வைத்துக் கட்டிவிட்டு மந்திரிக்கப் போனவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று சுலபமாகச் சொல்லி விடுகிறோம். மருந்து மலை உச்சியில் இருந்தால் மனிதன் என்னதான் செய்வான்?

இந்தத் தூரத்தைக் குறைத்தவர் கசௌலியின் டேவிட் செம்பிள். 1911ல் அவர் வெளியிட்ட முறையில் நோய் கண்ட விலங்கின் மூளைத் திசுவைக் கார்பாலிக் அமிலத்தால் செயலிழக்கச் செய்து மருந்து தயாரித்தார்கள். பிற்காலத்தில் ஆட்டின் மூளையே இதற்குப் பயன்பட்டது. இந்த மருந்தைப் புட்டியில் அடைத்து மற்ற ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பலாம். நோயாளி மருந்தைத் தேடிப் போன காலம் போய், மருந்து நோயாளியைத் தேடி வந்தது.

நம் பாட்டி தாத்தா பயமுறுத்திய "தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி" இதுதான்! வயிற்றுத் தோலுக்கு அடியில் தினம் ஒன்றாகப் போடுவார்கள். வலி ஒரு பக்கம் இருக்க, மருந்தில் கலந்த மூளைத் திசு காரணமாகச் சிலருக்குப் பக்கவாதம் போன்ற நரம்புப் பாதிப்பும் வந்தது. அந்தப் பயத்தில் பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு, ஆஸ்பத்திரிக்கே போகாதவர்களும் உண்டு. செல் வளர்ப்பு முறையில் செய்த பாதுகாப்பான ஊசிகள் 1970களிலேயே வந்துவிட்டன. ஆனால் விலை காரணமாக, செம்பிள் மருந்தை இந்தியா நிறுத்தியது 2004 இறுதியில்தான். இப்போது கையில் ஐந்து ஊசிகள், 0, 3, 7, 14, 28 என்ற நாட்களில். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்துவார்கள். தொப்புள் பயம் மட்டும் இன்னும் பலரிடம் போகவில்லை.

இதெல்லாம் மனிதனின் கதை. நாய்க்கு என்ன ஆனது? பாஸ்டர் கைவிட்ட இடத்தில் அது நெடுங்காலம் நின்றது. அரசாங்கங்களுக்குத் தெரிந்த ஒரே வழி கொல்வதுதான். 1832ல் பம்பாயில் தெருநாய்களைக் கொன்றதை எதிர்த்துப் பார்சிகள் கலவரமே செய்தார்கள். சென்னையிலும் மாநகராட்சி வெகுகாலம் நாய் பிடித்துக் கொன்றது. ஒரு தெரு காலியானால் பக்கத்துத் தெரு நாய் அங்கே குடிவரும், குட்டி போடும். எண்ணிக்கை குறையவில்லை. இதைச் சொல்லிக் கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி என்று ப்ளூ கிராஸ் அமைப்பு 1960களிலிருந்து வாதாடியது. 1996ல் சென்னை மாநகராட்சி அதை ஏற்றது. 2001ல் மத்திய அரசே விதி கொண்டு வந்தது, 2023ல் அதற்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றத்தில் நடந்த வாதங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளாக நடக்கும் சண்டை அது.

பாஸ்டரால் முடியாததை முதலில் செய்து காட்டியது ஜப்பான். 1921ல் உமேனோ, டோய் என்ற இருவர் நாய்க்கு ஒரே ஊசி போதும் என்ற அளவில் மருந்து தயாரித்தார்கள். 1950ல் நாய்களைப் பதிவு செய்து தடுப்பூசி போடுவதைச் சட்டம் ஆக்கினார்கள். 1957க்குப் பிறகு அங்கே உள்நாட்டில் இந்த நோய் இல்லை. ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்து விடும் என்பது இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு.

ஆக, உங்கள் வீட்டு மணிக்குப் போடும் ஊசி அந்த எழுபதில் ஒன்று.

நாய்க்குட்டி வளர்ப்பவர்களுக்குச் சில செய்திகளையும் சொல்லி விடுகிறேன். எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். குடற்புழு மருந்து இரண்டாவது வாரத்திலேயே தொடங்க வேண்டும், மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தவை. மூன்று மாதம் முடிந்ததும் ரேபிஸ் ஊசி. பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் தேதியில் இன்னொன்று, அப்புறம் ஆண்டுதோறும். நம் பகுதி வயலும் வாய்க்காலும் எலியும் நிறைந்த டெல்டா என்பதால், எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோ நோய்க்கும் ஊசி கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். பால்சோறு மட்டும் போட்டால் குட்டி தேறாது. முட்டையோ, வேக வைத்து முள் எடுத்த மீனோ சேருங்கள், நமக்கு மீனுக்கா பஞ்சம்! வெங்காயம், சாக்லேட், திராட்சை கூடாது. காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பது மிகவும் ஆபத்து. ராஜபாளையம் குட்டி வாங்குவோர் (2005ல் தபால்தலையில் வந்த நாய் அது) பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள். வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் சேர்ந்து வருவது உண்டு.

குட்டியின் பல்லோ நகமோ பட்டால் "குட்டிதானே" என்று விடாதீர்கள். ஊசி போடாத குட்டிக்கும் ரேபிஸ் வரும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கழுவுவதே கிருமியில் பெரும் பகுதியை நீக்கி விடும். பிறகு அன்றே ஆஸ்பத்திரி. நாயைப் பத்து நாள் கவனியுங்கள், ஆனால் பத்து நாள் முடியட்டும் என்று முதல் ஊசிக்குக் காத்திருக்காதீர்கள்.

கோவாவைப் பாருங்கள். நம்மைப் போலவே வேறொரு ஐரோப்பிய நாட்டிடம் இருந்த கடலோரப் பகுதி. அங்கே மாநில அரசும் மிஷன் ரேபிஸ் அமைப்பும் சேர்ந்து வலையும் ஊசியுமாகத் தெருத் தெருவாகப் போய் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 2018, 2019 ஆண்டுகளில் அங்கே ஒருவர் கூட ரேபிஸால் இறக்கவில்லை. கோவாவின் பரப்பு 3702 சதுர கிலோமீட்டர். காரைக்கால் சுமார் 160தான்!

ஒரே சிக்கல், நம்மைச் சுற்றி நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள். நண்டலாற்றைத் தாண்டினாலும் வாஞ்சூரைத் தாண்டினாலும் தமிழ்நாடு. நாய்க்கு யூனியன் பிரதேசம் எது, மாநிலம் எது என்று தெரியாது. எனவே முகாம் போட்டால் இரு பக்கமும் ஒரே மாதத்தில் போட வேண்டும். அதுவரை வீட்டு நாய்க்காவது போடலாம். பக்கத்தில் உள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், தடுப்பூசி அட்டை ஒன்று தருவார்கள். அடுத்த தேதியை அதில் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.