செருப்புத் தைத்தவரின் பெயர்

ஆங்கிலத்தில் 'ஸ்னாப்' என்றொரு சொல் உண்டு. பிறப்பையும் பணத்தையும் பட்டத்தையும் கொண்டு மனிதரை எடைபோட்டு, மேலிருப்போருக்குக் குழைந்து, கீழிருப்போரை ஏளனமாக நோக்குபவரை அது குறிக்கும்.

உயர்குடிப் பிறப்பற்றவர் எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் சுருக்கமே இது என்பர் சிலர். அதற்குச் சான்று இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் செருப்புத் தைக்கும் தொழிலாளியையே குறித்தது. பின்னர் கேம்பிரிட்ஜ் மாணவர்கள், பல்கலைக்கழகம் சாராத ஊர்மக்களை இப்பெயரால் எள்ளினர். நாளடைவில் எளியோர் அனைவருக்கும் அதுவே பெயராயிற்று. கல்கத்தாவில் 1811-இல் பிறந்த தாக்கரே என்ற எழுத்தாளர், 1846-47-இல் 'பஞ்ச்' இதழில் எழுதிய தொடர் கட்டுரைகளில், மேன்மக்களைப் போல் நடிக்கும் பகட்டுக்காரர்களுக்கு இப்பெயரைச் சூட்டினார். அதன்பின், பிறரை இழிவாக நோக்குபவரையும் அது குறிக்கலாயிற்று. உழைப்பவர்மீது எறியப்பட்ட சொல், எறிந்தவரிடமே திரும்பி வந்தது.

தமிழிலிருந்தும் ஒரு சொல் ஆங்கிலம் சென்றது. பறை என்ற இசைக்கருவியோடு தொடர்புடைய 'பறையர்' என்ற பெயர், அங்கே ஒதுக்கப்பட்டவர் எவரையும் குறிக்கும் சொல்லாயிற்று. அந்தச் சொல் இன்னும் ஒதுக்கியவரிடம் திரும்பவில்லை.

நம்மிடையே இவ்விழிநோக்கு சொல்லோடு நிற்கவில்லை, சுவராகவும் எழுந்தது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டப்பட்ட ஆலயம், காற்சட்டையைப் போல் இரு கிளைகளாகப் பிரிந்திருந்தது. இரு கிளைகளும் ஒரே பீடத்தை நோக்கின. ஒரு கிளையில் இருந்தவர் மறு கிளையில் இருந்தவரைக் காண இயலாது. சாதிக்கொரு கிளை! 1910-இல் அருட்தந்தை கௌசானல் காலத்தில் தடுப்பு அகற்றப்பட்டது. அதை மீண்டும் எழுப்ப வேண்டுமென ஒரு சாரார் வழக்காடினர்; சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்க மறுத்தது.

அதே வடக்கன்குளத்தில்தான் 1745-இல் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றார். சாதி வேற்றுமை பாராது எல்லாரோடும் பழகிய அவரை, 2022-இல் திருச்சபை புனிதராக உயர்த்தியது. ஓர் ஊர், இரு சாட்சியங்கள்.

நம் ஆண்டவர் தச்சர். புனித பவுல் கூடாரம் செய்து பிழைத்தவர். பொன்மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கையும், கந்தையணிந்த ஏழைக்குக் கால்மனை அருகே இடமும் காட்டுவதை யாக்கோபு தம் திருமுகத்தில் கடிந்துரைக்கிறார். ஆயினும், கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கொரு பகுதி வைத்திருக்கும் ஊர்கள் இன்றும் நம்மிடையே உண்டு.

வடக்கன்குளத்துச் சுவரை இடித்துவிட்டார்கள். நம் உள்ளத்துச் சுவரை இடிக்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது. அது நம் கையால் விழ வேண்டிய சுவர்.