ரியோவில் புறப்பட்ட லுவா

1993இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில், அங்குள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் டெக்கிராஃப் ஆய்வுக்குழுவில் பிறந்தது லுவா என்ற நிரல்மொழி. ரொபெர்ட்டோ யெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக் டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலெஸ் மூவரும் சேர்ந்து உருவாக்கினார்கள். அதைப் பயன்படுத்தவிருந்த பெட்ரோப்ராஸ் எண்ணெய் நிறுவனப் பொறியாளர்களுக்கு நிரல் எழுதுவது தொழில் அல்ல. அவர்களுக்கும் புரியவேண்டும், அங்கிருந்த பலவகைக் கணினிகளிலும் ஓடவேண்டும். ஆகவே இன்டர்பிரட்டர் முழுவதையும் தர நிர்ணயம் பெற்ற சி மொழியில் எழுதினார்கள். சி கம்பைலர் உள்ள இடமெல்லாம் லுவாவும் போகலாம்.

இன்னொரு நிரலுக்குள் குடியேறுவதே அதன் பிறவிக் குணம். குடியேற்றப் பழகுகிறவர் முதலில் திணறுவது ஸ்டாக் என்ற அடுக்கில். லுவாவில் நினைவகத்தைக் குப்பை சேகரிப்பான் கவனித்துக்கொள்ளும். சி-யில் நாம்தான் கவனிக்கவேண்டும். லுவாவின் அட்டவணை ஒன்றின் முகவரியை சி தன்னிடம் வைத்திருந்தால், அது சேகரிப்பானுக்குத் தெரியாது. புழக்கத்தில் இல்லையென்று அழித்துவிடலாம். அதனால் இரண்டும் நேருக்கு நேர் கைமாற்றுவதில்லை, நடுவில் ஸ்டாக் இருக்கிறது. இரண்டு எண்களைக் கூட்டும் லுவா ஃபங்ஷனை அழைக்க, முதலில் அந்த ஃபங்ஷனையும் அதன்மேல் எண்களையும் அடுக்குகிறோம். அழைத்ததும் மூன்றும் போய், விடை மட்டும் உச்சியில், -1 என்ற இடத்தில் நிற்கும். அதைப் படித்தால் போதாது, அகற்றவும் வேண்டும். 2000இல் வந்த 4.0 பதிப்பில்தான் இந்த முறை இப்படித் தெளிவாக வெளிப்பட்டது. லுவாவின் ஆகச் சிறந்த யோசனை இதுவே என்பேன்.

1996இல் ‘டாக்டர் டாப்ஸ் ஜர்னல்’ இதழில் வந்த கட்டுரை லுவாவை அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்தியது. அதன் வழியாக லுவா லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்து, 1998இல் ‘கிரிம் ஃபாண்டாங்கோ’ விளையாட்டுக்குள் ஓடியது. 2004இல் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’. 2012இல் ரெடிஸ் தரவுத்தளம்.

2013இல் விக்கிப்பீடியா. இன்று தமிழ் விக்கிப்பீடியாவின் தகவற்சட்டங்களுக்குப் பின்னாலும் லுவாதான். யார் வேண்டுமானாலும் ஸ்கிரிப்ட் எழுதலாம் என்ற இடத்தில் அது பொருந்தியதற்குக் காரணம் உண்டு: எந்த நூலகத்தைத் திறப்பது என்று முடிவு செய்வது இடம் கொடுத்த நிரல். கோப்பு நூலகத்தைத் திறந்து கொடுக்காவிட்டால், உள்ளே ஓடும் ஸ்கிரிப்ட் அந்த நூலகத்தைக் கொண்டு ஒரு கோப்பையும் தொட முடியாது.