‘வந்தாள்’, ‘வச்சிந்தி’: பெண்பால் ஈற்றின் வரலாறு

சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பத்தின் பெயரில் உள்ள ‘வெதுரு’ தெலுங்கில் மூங்கிலைக் குறிக்கும். சங்கத் தமிழின் ‘வெதிர்’ அதன் உறவுச்சொல். சொல்லளவில் இத்தனை நெருங்கிய இரு மொழிகளும் பெண்ணைப் பற்றிப் பேசும் வினைமுற்றில் பிரிந்து நிற்கின்றன.

தமிழில் அவன் வந்தான், அவள் வந்தாள், பசு வந்தது என மூன்று ஈறுகள். தெலுங்கில் ‘வாடு வச்சாடு’ என ஆணுக்கு ஓர் ஈறு; ‘ஆமெ வச்சிந்தி’, ‘ஆவு வச்சிந்தி’ எனப் பெண்ணுக்கும் பசுவுக்கும் ஒரே ஈறு. இதைக் கொண்டு, தெலுங்கு பெண்ணை அஃறிணைக்குத் தாழ்த்திவிட்டது என்று முடிவுகட்டுவோர் உண்டு. பன்மையை நோக்கினால் அம்முடிவு நிலைக்காது. பெண்கள் பலர் வந்தால் ‘வச்சாரு’. பசுக்கள் பல வந்தால் ‘வச்சாயி’. ஒருமையில் ஆண், ஆண் அல்லாதவை என்றும், பன்மையில் மக்கள், மக்கள் அல்லாதவை என்றும் தெலுங்கு பகுக்கிறது.

இவற்றுள் பழையது எது? தொல்காப்பியம் மக்களை உயர்திணை என வரையறுத்து, அதனுள் ஆண்பால், பெண்பால், பலர்பால் ஆகிய மூன்றையும் வைத்தது. அவ்விலக்கணத்தின் தொன்மை, தமிழின் பகுப்பே மூலத் திராவிடத்தின் பகுப்பு என எண்ணத் தூண்டும். 1816இல் எல்லிஸ் தென்மொழிகளின் உறவை எடுத்துக்காட்டினார். 1856இல் கால்டுவெல் ஒப்பிலக்கணம் வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டில் கோலாமி, பர்ஜி, கோண்டி முதலிய மொழிகள் விரிவாக ஆராயப்பட்ட பின்னரே படம் தெளிந்தது. ஒருமையில் அவையும் தெலுங்கைப் போலவே ஆணைத் தனியே பிரித்து, பெண்ணையும் அஃறிணையையும் ஒன்றாக வைக்கின்றன. இச்சான்றுகளைக் கொண்டு பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, ‘அவள்’ என்னும் தனிப் பெண்பால் வடிவம் தமிழும் கன்னடமும் அடங்கிய தென்திராவிடக் கிளை பின்னர் ஆக்கிக்கொண்டது என விளக்கினார். ஆகவே தெலுங்கு பெண்பால் ஈற்றை இழக்கவில்லை; தமிழ்க் கிளை அதைப் புதிதாகப் பெற்றது.

இலக்கணப் பாலைச் சமூக மதிப்பின் அளவுகோலாகக் கொள்வது எங்கும் பிழையே. 1728இல் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதி முடித்த வீரமாமுனிவரின் தாய்நாட்டு மொழியான இத்தாலியத்தில் மேசை (தாவோலா) பெண்பால்; புத்தகம் (லீப்ரோ) ஆண்பால். இன்றைய இத்தாலியர் ஓர் ஆணை மரியாதையுடன் விளிக்கையில், ‘அவள்’ என்று பொருள்படும் ‘லேயி’ என்னும் பெயரையே ஆள்கின்றனர். பெண்பாலான மதிப்புரைச் சொற்களுக்குப் பதிலாக நின்ற பெயர் அது. ஆணைப் பெண்ணாக்கும் கருத்து அதில் இல்லை.

மலையாளம் ‘அவள்’ என்ற பெயரைக் காத்து, வினையில் பால் ஈற்றைக் கைவிட்டது. அதனால் மலையாளிகள் பெண்ணை மறந்தனர் என எவரும் சொல்வதில்லை. அதே நேர்மை ‘வச்சிந்தி’க்கும் உரியது.