1989-க்குப் பின் சமூகக் கோட்பாடு: நிலமும் உடைமையும் முன்வைக்கும் கேள்விகள்

1989-இல் கிழக்கு ஐரோப்பாவின் கம்யூனிஸ்ட் ஆட்சிகள் அடுத்தடுத்துச் சரிந்தபோது, மார்க்சியம் தோற்றது, எல்லாச் சமூகங்களும் மேற்கின் பாதையிலேயே செல்லும் என்ற நவீனமயக் கோட்பாடு வென்றது என்று பலர் எழுதினர். அது அவசரத் தீர்ப்பு. வென்றதாகச் சொல்லப்பட்ட கோட்பாடும் அடுத்த பத்தாண்டுகளில் ஆட்டம் கண்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்க அரசியல் அறிஞர் ஃபுகுயாமா அந்த ஆண்டிலேயே வரலாற்றின் முடிவு குறித்து எழுதினார். ஜெர்மன் தத்துவவாதி ஹேபர்மாஸோ, 1989-இன் நிகழ்வுகளை மேற்கு ஐரோப்பா முன்பே அடைந்ததை எட்டிப்பிடிக்கும் புரட்சி என்றார். அரசியலில் இருவரும் எதிரெதிர் நிற்பவர்கள். ஆயினும் இச்சமூகங்கள் போய்ச்சேரும் இடம் தெரிந்ததே என்ற அனுமானம் இருவருக்கும் பொது. 1990 ஜனவரி 1 அன்று போலந்தில் நடைமுறைக்கு வந்த பால்செரோவிச் சந்தைச் சீர்திருத்தத் திட்டமும் அதே நம்பிக்கையில்தான் விலைக் கட்டுப்பாடுகளை நீக்கியது.

அனுமானம் எங்கே இடறியது என்பதை ருமேனியாவில் காணலாம். 1991-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் நிலச்சட்டம், கூட்டுப்பண்ணைகளின் நிலத்தைப் பழைய உடைமையாளருக்கும் வாரிசுகளுக்கும் 10 ஹெக்டேர் உச்சவரம்புக்குள் திருப்பித் தந்தது. டிரான்சில்வேனியக் கிராமமொன்றில் ஆய்வு செய்த மானிடவியலாளர் கேத்தரின் வெர்டரி கண்டது வேறு கதை. கூட்டுப்பண்ணைகள் இருந்த பல பத்தாண்டுகளில் எல்லைக்கற்கள் அகற்றப்பட்டிருந்தன. ஆறு தடம் மாறியிருந்தது. வயல்மேல் கட்டடங்கள் எழுந்திருந்தன. பதிவேட்டின் நிலம் தரையில் பொருந்தவில்லை. அளந்து ஒதுக்கும் உள்ளூர் அதிகாரிகளின் கை ஓங்கியது. நிலம் கிடைத்தவர்களிலும் பலரிடம் டிராக்டர் இல்லை, முதல் இல்லை. பட்டா கைக்கு வந்தும் உடைமையின் பலன் வரவில்லை. சொத்து என்பது பொருளுக்கும் ஆளுக்கும் உள்ள உறவன்று, ஆட்களுக்கு இடையேயான அதிகார உறவு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

உடைமை குறித்த இதே சிக்கல் தொழில்துறையிலும் இருந்தது. ஹங்கேரியில் சமூகவியலாளர் டேவிட் ஸ்டார்க் கண்ட நிறுவனங்கள் ஒன்றன் பங்குகளை மற்றொன்று வைத்திருந்தன. அவை அரசுடைமையும் அல்ல, தனியுடைமையும் அல்ல.

போலந்து வளர்ந்ததே, 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் 1992 ஜனவரியில் ரஷ்யாவும் விலைகளைத் திறந்துவிட்டது. அங்கே ஆண்களின் சராசரி ஆயுள் 1990-இல் ஏறத்தாழ 64. 1994-இல் 58-க்கும் கீழே. ஏறக்குறைய ஒரே மருந்து இரு நாடுகளில் இருவேறு விளைவைத் தந்தால், விளக்கத்தை மருந்துக்கு வெளியே, அரசின் திறனிலும் உள்ளூர் அதிகார உறவுகளிலும் தேட வேண்டும். உயிர்கள் சம்பந்தப்பட்ட இக்கேள்வியைக் கோட்பாட்டாளர்கள் ஓரங்கட்டியது மன்னிக்கத்தக்கதல்ல.

இன்றும் கிழக்கு ஐரோப்பா தரவு தரும் களமாகவும், மேற்கு ஐரோப்பா கோட்பாடு தரும் இடமாகவும் கருதப்படுகின்றன. ஆனால் சோசலிச நாடுகளின் பற்றாக்குறைப் பொருளாதாரத்தை உள்ளிருந்தே விளக்கிய ஹங்கேரியப் பொருளியலாளர் கோர்னாயும், முதலாளிகள் இல்லாமல் முதலாளியம் கட்டப்பட்டதை ஆராய்ந்த ஹங்கேரியச் சமூகவியலாளர் செலெனியும் வட்டார வல்லுநர்கள் அல்லர், கோட்பாட்டாளர்கள். சமூகக் கோட்பாட்டுப் பாடத்திட்டத்தில் வெபருக்கும் துர்க்கைமுக்கும் அடுத்து அவர்களை வைத்துப் பயிற்றுவிக்க வேண்டும்.